வெட்டிவேர்

வெட்டிவேர் (தாவரவியல் பெயர்: கிரைசோபோகன் சிசனியோய்டெசு) புல் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுத் தாவரம் ஆகும். இதன் தாயகம் இந்தியா. முன்னர் இது வெட்டிவேரியா என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. அப்பெயரும், ஆங்கிலம், பிரெஞ்சு மொழிகளில் இதற்கு வழங்கும் பெயரும் தமிழ்ச் சொல்லிலிருந்து தோன்றியவை. இலைகளில் மணம் கிடையாது. மணம் வேரில் மட்டுமே உண்டு.

விளாமிச்சை வேரும் இதுவும் ஒன்றே எனச் சிலர் கருதுவர். அது தவறு. விளாமிச்சை துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடி.

வளர்ப்பு

தென்னிந்திய வகை பூத்தாலும் பெரும்பாலும் முளைக்கும் விதை தருவதில்லை. எனவே தூர்களைப் பிரித்து, இலை நுனிகளை நறுக்கிவிட்டு, மழைக்காலத் தொடக்கத்தில் நடுவர். விதை பரவாததால் இது களையாக மாறுவதில்லை என்பது ஒரு நன்மை.

வேர்கள் பக்கவாட்டில் அதிகம் படராமல் நேர் கீழாக இறங்குகின்றன. ஏற்ற மண்ணில் 3 மீட்டர் வரையும் செல்லும். களிமண்ணிலும் செடி வளரும். ஆனால் தோண்டும்போது வேர் அறுந்துவிடும். ஆகவே வேருக்காகப் பயிரிடுவோர் மணற்பாங்கான நிலத்தையே விரும்புவர். தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டத்தின் கடலோரப் பகுதிகளில் இது பயிரிடப்படுகின்றது. எண்ணெய்க்கான வேரை நட்ட 15 முதல் 18 மாதங்களில் எடுப்பது வழக்கம்.

பயன்கள்

சித்த மருத்துவத்தில் இது உடற்சூட்டைத் தணிக்கும் மூலிகையாகக் கருதப்படுகின்றது. கழுவிய வேரைத் துணியில் முடிந்து மண்பானை நீரில் இட்டு, அந்நீரைக் கோடையில் பருகுவர். குளியற்பொடியிலும் சேர்ப்பர். வேரால் பின்னிய தட்டிகளைச் சாளரத்தில் தொங்கவிட்டு நீர் தெளித்தால், உள்ளே வரும் காற்று குளிர்ந்து மணக்கும்.

வேரை நீராவியில் நெடுநேரம் வடித்து எண்ணெய் எடுக்கின்றனர். மெல்ல ஆவியாகும் தன்மையால் இது பிற நறுமணங்களை நிலைநிறுத்தப் பயன்படுகின்றது. எயிட்டி, இந்தோனேசியா ஆகியவை முக்கிய உற்பத்தி நாடுகள்.

மண் பாதுகாப்பு

சரிவுகளில் சமமட்டக் கோட்டில் நெருக்கமாக நட்டால், புல்வரிசை மழைநீரின் வேகத்தைக் குறைத்து வண்டலைத் தேக்கி வைக்கும். பீஜித் தீவின் கரும்பு நிலங்களில் 1950களில் இம்முறை கையாளப்பட்டது. 1980களில் உலக வங்கி இதனை இந்தியாவில் ஊக்குவித்தது.

ஆனால் ஒரே வரிசையிலிருந்து இரு பயன்களையும் பெற இயலாது. வேரை எடுக்கச் செடியை அடியோடு தோண்ட வேண்டும். அதுவரை பிடிப்போடு இருந்த மண் அப்போது தளர்ந்துவிடும். எயிட்டியின் தென்பகுதி மலைச் சரிவுகளில் இவ்வாறு தோண்டுவதால் மண்ணரிப்பு ஏற்படுகின்றது. பணத்தேவை மிகும்போது உழவர்கள் முதிராத வேரையும் எடுத்துவிடுவதுண்டு. அத்தகைய வேரில் எண்ணெயும் குறைவு. சரிவில் உள்ள வரிசைகளைத் தொடாமல் விட்டு, வேருக்கெனச் சமநிலத்தில் தனியே பயிரிடுவதே தக்க முறை.