அட்டைமாலையின் பிழை

1804-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து லியோன் நகரத்தில் ஜக்கார்ட் என்பவர் துளையிட்ட அட்டைகளால் இயக்கிக் காட்டிய தறியமைப்பு, காலக்கிரமத்தில் சேலத்தையும் இளம்பிள்ளையையும் அடைந்து, முன்பு கயிறிழுத்து நிகழ்த்திய சித்திர வேலையை, அவ்வட்டைகளைக் கோத்த அட்டைமாலையின் பொறுப்பாக்கியது. துளையுள்ள இடத்தில் பாவு நூல் உயரும். இல்லாவிடில் தாழ்ந்தே நிற்கும். ஆதலால் ஒரு துளை தவறினும் அப்பிழை மாலை சுற்றுந்தோறும் சேலை முழுவதும் பிறக்கும். சுற்றுக்கொருமுறை அதே இடத்தில் தோன்றினால் அட்டையிலும், பாவின் நெடுக்கே கோடாகத் தொடர்ந்தால் கொக்கியிலோ கயிற்றிலோ தோஷமென்று நிர்ணயிக்கும் நெசவாளரின் தர்க்கம், ஸ்கிரிப்ட் வழியே கம்ப்யூட்டர் படங்களைத் தானியங்கு முறையில் உருவாக்குவோர் இன்று செய்யும் பரிசோதனைக்குச் சற்றும் தாழ்ந்ததன்று. ஆங்கிலக் கணித அறிஞர் பாபேஜ் தமது கணித யந்திரத்திற்கு அட்டை யோசனையைப் பெற்றதும் இத்தறியிலிருந்தே. தோஷம் அட்டையிலெனின், மிகைத்துளையைக் காகிதம் ஒட்டி அடைப்பர், விடுபட்டதைக் குத்துவர், வரிசை பிறழ்ந்திருந்தால் மாலையை அவிழ்த்து மீண்டும் கோப்பர்.