தியத்தலாவையின் போர்க்கைதிகள்

வெலிமடைக்குத் தென்கிழக்கே, தியத்தலாவை மலைச்சரிவில் 1900 ஆகஸ்டில் பிரித்தானியர் போயர் போர்க்கைதிகளை அடைத்தனர். ஏறத்தாழ 5,000 பேர் நெருங்கி வாழ்ந்த தகரக் கொட்டகைகளிற் குடற்காய்ச்சல் பரவிப் பலரைப் பலிகொண்டது. ஆயினும் அவர்களுக்கென மருத்துவமனை இயங்கிற்று. நோய் தேறியோர் கடற்காற்றுக்காகக் கல்கிசை முகாமுக்கு அனுப்பப்பட்டனர். பகைவனாயினும் போர்வீரனின் உடல் அரசின் பொறுப்பாயிற்று.

அதே ஊவாத் தோட்டங்களின் லயன்களில் வாழ்ந்தோர் பகைவருமல்லர், கைதிகளுமல்லர். அவர்தம் மருத்துவத்திற்கு 1872இலேயே சட்டம் பிறந்தது. எனினும் 1912இல் மீண்டுமொரு சட்டம் வேண்டியிருந்தது. முதற் சட்டத்தின் வலிமையை இதனின்றே உய்த்துணரலாம்.

மனநோவுக்கு முகாமில் மருந்தேது? கைதிகள் மரஞ்செதுக்கிப் பொழுதைப் போக்கினர். 1902 மேயில் சமாதானம் ஏற்பட்டபின் தாயகம் மீண்ட பலரை எரிந்த பண்ணைகளே எதிர்கொண்டன.