பழைய லேண்ட் ரோவர் சீரீஸ் ஊர்தி வாங்குதல்

லேண்ட் ரோவர் சீரீஸ் என்பது இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தாரும் அவர்களது வழிவந்தோரும் 1948 முதல் 1985 வரை தயாரித்த நான்கு சக்கர இயக்க ஊர்தி வரிசையின் பெயராகும். சேறு, மணல், மலைப்பாதை போன்ற கரடுமுரடான நிலங்களில் செல்வதற்காக உருவாக்கப்பட்ட இவ்வூர்திகள் இன்று பழம்பொருள் ஆர்வலர்களால் விரும்பி வாங்கப்படுகின்றன. இவற்றின் வெளியுடல் அலுமினியக் கலப்பு உலோகத்தால் ஆனது, அது துருப்பிடிப்பதில்லை. ஊர்தியைத் தாங்கி நிற்கும் அடிச்சட்டமோ எஃகால் ஆனது. அது உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஆகவே பார்வைக்குப் பழுதில்லாத ஊர்தியின் அடிப்பகுதி முற்றிலும் உளுத்துப் போயிருக்கக்கூடும். வாங்குவோர் அடையும் ஏமாற்றங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தால் விளைபவையே.

பின்னணி

ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த மாரிஸ் வில்க்ஸ், வேல்சின் ஆங்கில்சி தீவிலிருந்த தமது பண்ணையில் போர்க்கால வில்லிஸ் ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதற்கு மாற்றாக ஒரு பிரித்தானிய ஊர்தியை உருவாக்கும் எண்ணம் அவருக்கு அங்கேயே தோன்றியது. 1947 இல் செய்யப்பட்ட முதல் மாதிரி ஜீப்பின் அடிச்சட்டத்தின் மீதே கட்டப்பட்டது. ஏப்ரல் 30, 1948 அன்று ஆம்ஸ்டர்டாம் ஊர்திக் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமாயிற்று.

போருக்குப் பின் பிரித்தானியாவில் எஃகுக்குக் கட்டுப்பாடு இருந்தது. வானூர்தித் தொழிலில் பயன்பட்ட பர்மாபிரைட் என்னும் அலுமினிய மக்னீசியக் கலவை எளிதாகக் கிடைத்தது. எனவே உடற்தகடுகள் அக்கலவையால் செய்யப்பட்டன. தட்டுப்பாட்டினால் நேர்ந்த இத்தேர்வே அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட பல ஊர்திகள் இன்றும் உருவம் குலையாமல் நிற்பதற்குக் காரணம் எனலாம்.

வகைகளும் அடையாளங்களும்

முதலாம் சீரீஸ் 1948 முதல் 1958 வரை வெளிவந்தது. தொடக்கத்தில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தொலைவு 80 அங்குலமாகவும் எஞ்சின் 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சினாகவும் இருந்தன. பின்னர் 2 லிட்டர் எஞ்சின் வந்தது. அச்சிடைத் தொலைவு 86, 107 அங்குலங்களாகவும், 1956 இல் 88, 109 அங்குலங்களாகவும் நீட்டப்பட்டது. இரண்டாம் சீரீஸ் 1958 இல் வந்தது. பக்கவாட்டில் மெல்லப் புடைத்த உடலமைப்பும் 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் இதன் அடையாளங்கள். 1961 முதல் 1971 வரை வந்தவை 2ஏ எனப்படும். மூன்றாம் சீரீஸ் 1971 முதல் 1985 வரை வெளிவந்தது. 1983 இலும் 1984 இலும் சுருள்வில் பொருத்தப்பட்ட ஒன் டென், நைன்ட்டி ஆகியவை வந்தன. டிஃபென்டர் என 1990 இல் பெயர் பெற்றவை இவையே. இக்கட்டுரையில் இவை அடங்கா.

வாங்குவோர் நினைவிற் கொள்ள வேண்டிய வேறுபாடுகள் சிலவே. 2ஏ வகையில் முகப்பு விளக்குகள் முதலில் நடுவிலிருந்த கம்பி வலையோடு ஒட்டி அமைந்திருந்தன. 1960களின் இறுதியில் அவை இருபுறச் சக்கர மூடிகளுக்கு மாற்றப்பட்டன. மூன்றாம் சீரீசில் முகப்பு வலை பிளாஸ்டிக்கால் ஆனது. அதுவரை முகப்புப் பலகையின் நடுவில் இருந்த அளவு காட்டிகள் ஓட்டுநருக்கு நேரே வந்தன. முதலிரு கியர்களையும் தடங்கலின்றி மாற்ற உதவும் ஒத்தியைவு அமைப்பு இவ்வகையில்தான் முழுமையாக இடம்பெற்றது. முந்தைய வகைகளை ஓட்டப் பழக்கம் வேண்டும்.

எல்லா லேண்ட் ரோவர்களும் இங்கிலாந்தின் சோலிகல் ஆலையில் செய்யப்பட்டவை அல்ல. எசுப்பானியாவின் லினாரெஸ் நகரில் சன்ட்டானா நிறுவனம் 1958 முதல் உரிமம் பெற்றுத் தயாரித்தது. பெல்ஜியத்தின் மினெர்வா நிறுவனம் 1950களில் தன் நாட்டுப் படைக்காகச் செய்தவற்றின் உடல் எஃகால் ஆனது. சரிவான முன் மூடிகளைக் கொண்டு அவற்றை இனங்காணலாம். ஐயமிருப்பின் ஒரு காந்தம் போதும். பர்மாபிரைட் தகட்டில் காந்தம் ஒட்டாது.

அடிச்சட்டம்

சேசிஸ் எனப்படும் அடிச்சட்டம் ஏணி வடிவினது. எஃகுத் தகடுகளைப் பெட்டி போலப் பற்றவைத்து இது செய்யப்பட்டது. பெட்டியின் உட்புறம் வெற்றிடம். சிறு துளைகள் வழியாக நீரும் சேறும் அதனுள் புகுந்து தங்கிவிடுகின்றன. துரு உள்ளே தொடங்கி வெளியே வரும்போது தகடு ஏற்கெனவே தாளாகி விட்டிருக்கும். பனிக்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் நாடுகளிலும், படகுகளைக் கடலுக்குள் இறக்கப் பயன்பட்ட ஊர்திகளிலும் இது விரைவாக நிகழும்.

சோதிக்கச் சிறிய சுத்தியல் ஒன்றும் திருப்புளி ஒன்றும் கைவிளக்கு ஒன்றும் போதுமானவை. விற்பவரின் ஒப்புதலைப் பெற்று ஊர்தியின் அடியில் படுத்து, சட்டத்தை முன்னிருந்து பின்னாகத் தட்டிச் செல்ல வேண்டும். நல்ல எஃகு கணீரென ஒலிக்கும். உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும். திருப்புளியால் அழுத்தினால் உட்செல்லும். முன் தடைக்கட்டை பொருத்தப்படும் சட்ட முனைகள், பட்டை வில்களைத் தாங்கும் கொக்கிகள், எஞ்சின் அறைக்கும் ஓட்டுநர் அறைக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவரைத் தாங்கும் பக்கக் கைகள், எரிபொருள் தொட்டியின் தாங்கிகள், பின் குறுக்குச் சட்டம் ஆகியவை முதலில் கெடும் இடங்கள்.

பின் குறுக்குச் சட்டம் மட்டும் மாற்றப்பட்டிருந்தால் அது குறையன்று. அரிதாகவே ஓர் ஊர்தி அதை மாற்றாமல் இவ்வளவு காலம் ஓடியிருக்கும். ஒட்டின் மேல் ஒட்டாகப் பற்றவைக்கப்பட்ட சட்டமே அஞ்சத்தக்கது. அண்மையில் தடிப்பாகக் கரிய தார்ப்பூச்சு பூசப்பட்டிருந்தால், அது எதைக் காக்கப் பூசப்பட்டது, எதை மறைக்கப் பூசப்பட்டது என்று கேட்க வேண்டும்.

துத்தநாக முலாம் பூசிய புதிய அடிச்சட்டங்கள் பிரித்தானியாவில் தனியார் தயாரிப்பாளர்களிடம் கிடைக்கின்றன. செலவு சட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. உடல், எஞ்சின், அச்சுகள், மின்கம்பிகள் அனைத்தையும் கழற்றி மீண்டும் பூட்ட வேண்டும். துருப்பிடித்த திருகாணிகள் முறியும். கழற்றிய ஒவ்வொரு பாகத்திலும் ஒரு புதிய பழுது தென்படும். ஆகவே மலிவாகக் கிடைத்த ஊர்தி ஈற்றில் விலையுயர்ந்த ஊர்தியாகிவிடுவது வழமை. முலாம் பூசிய சட்டம் மூலநிலையைக் கெடுக்கிறது எனச் சில ஆர்வலர்கள் கருதுவர். எனினும் 1948 இன் முன்னோட்ட ஊர்திகளுக்கு ஆலையிலேயே துத்தநாக முலாம் பூசிய சட்டங்கள் பொருத்தப்பட்டிருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. ஊர்தியை ஓட்டுவதற்காக வாங்குபவருக்கு முலாம் பூசிய சட்டம் நன்மையே.

தடுப்புச் சுவர்

இதுவும் எஃகாலானது. கதவுகள், காற்றுத்தடுப்புக் கண்ணாடி, முகப்புப் பலகை, மிதிகள் யாவும் இதையே பற்றி நிற்கின்றன. காலடியிலுள்ள ரப்பர் விரிப்பை உயர்த்திப் பார்க்க வேண்டும். கால் வைக்கும் குழிகளும் கதவுத் தூண்களின் அடியும் முதலில் உளுக்கும். கண்ணாடிக்குக் கீழேயுள்ள காற்றுத் துவாரங்களின் ஓரங்களும் அவ்வாறே. கதவு சரியாகப் பொருந்தாமல் மேலே ஒட்டியும் கீழே விலகியும் நின்றால் தூண் இறங்கியிருக்கிறது எனக் கொள்ளலாம். அடிச்சட்டத்திற்கு அடுத்தபடியாகச் செலவு வைக்கும் பகுதி இது.

அலுமினியத் தகடுகளும் முற்றிலும் அழிவற்றவை அல்ல. அவை எஃகைத் தொடும் இடங்களில், ஈரம் சேர்ந்தால், மின்வேதி அரிப்பு ஏற்பட்டு வெண்பொடி உதிரும். கதவுகளின் அடிப்புறத்தில் இதைக் காணலாம். தகடுகளில் உள்ள நசுங்கல்கள் பொருட்படுத்தத் தக்கவை அல்ல.

எஞ்சினும் இயங்கு பாகங்களும்

வாங்க வருவோர் முதலில் திறந்து பார்ப்பது எஞ்சின் மூடியைத்தான். உண்மையில் அதைக் கடைசியில் பார்த்தாலும் குற்றமில்லை. 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் எளிமையானது, நெடுநாள் உழைப்பது. உதிரிப் பாகங்களும் கிடைக்கின்றன. எண்ணெய்க் கசிவு ஓரளவு இருப்பது இயல்பு. நீலப்புகை, தட்டும் ஒலி, குளிர்ந்த நிலையில் இயங்க மறுக்கும் டீசல் எஞ்சின் ஆகியவை விலையைக் குறைக்கப் போதிய காரணங்களே அன்றி, ஊர்தியையே மறுக்கக் காரணங்களல்ல.

முன் சக்கரங்களுக்குப் பின்னால் குரோமிய முலாம் பூசிய பளபளப்பான உருண்டைகள் தெரியும். சக்கரம் திரும்பும்போது சுழலும் பகுதி இது. முலாமில் துருக்குழிகள் விழுந்தால் அவை எண்ணெய் அடைப்பானை அறுத்துவிடும். எண்ணெய் வெளியேற, உள்ளிருக்கும் தாங்கிகளும் இணைப்புகளும் தேய்ந்துபோகும். பட்டை வில்களின் இடையே துரு புகுந்து தகடுகள் பிரிந்து பருத்திருந்தால், ஊர்தி துள்ளிக் குதிக்கும்.

பிரேக்குகள் நான்கு சக்கரங்களிலும் டிரம் வகையைச் சேர்ந்தவை. பழைய வகைகளில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே ஒரு சுற்றுதான். ஓரிடத்தில் குழாய் வெடித்தாலும் நான்கு சக்கரங்களும் பிடிப்பிழக்கும். ஆகவே குழாய்கள் அண்மையில் மாற்றப்பட்டனவா என அறியாமல் ஊர்தியை ஓட்டிச் செல்லலாகாது.

ஓட்டிப் பார்த்தல்

ஒவ்வொரு கியரிலும் வேகமெடுத்துத் திடீரென முடுக்கியை விட வேண்டும். கியர் தானாக வெளியே துள்ளினால் கியர் பெட்டி தேய்ந்துள்ளது. பின்னர் மென்மையான மண்ணில் நான்கு சக்கர இயக்கத்தைச் சோதிக்க வேண்டும். இரண்டாம் சீரீஸ் முதலான வகைகளில் மஞ்சள் குமிழை அழுத்தினால் முன் அச்சும் இணையும். ஊர்தியை நிறுத்திச் சிவப்புப் பிடியைப் பின்னுக்கு இழுத்தால் குறைவேக நிலை கிடைக்கும். கெட்டியான தார்ச் சாலையில் நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டக்கூடாது. முன் பின் அச்சுகளிடையே வேக வேறுபாட்டை ஏற்கும் அமைப்பு இல்லாததால் பற்சக்கரங்கள் இறுகிக்கொள்ளும். தார்ச் சாலையிலேயே அதை இயக்கிக் காட்டும் விற்பனையாளர் தன் ஊர்தியை அறியாதவர் எனலாம்.

அடையாளமும் ஆவணங்களும்

லேண்ட் ரோவரின் பாகங்கள் பெரும்பாலும் திருகாணிகளால் பூட்டப்பட்டவை. ஒரு வகையின் பாகம் இன்னொரு வகையில் பொருந்தும். இரண்டு மூன்று ஊர்திகளைச் சேர்த்து ஒன்றாக்குவது எளிது. பண்ணைகளில் நல்லெண்ணத்துடன் இது நெடுங்காலமாக நடந்து வந்தது. ஆனால் ஏமாற்றும் நோக்குடனும் நடந்தது. பிரித்தானியாவில் 2014 வரை, 1973 க்கு முன் செய்யப்பட்ட ஊர்திகளுக்கே சாலைவரி விலக்கு இருந்தது. அதனால் பிந்திய மூன்றாம் சீரீஸ் ஊர்தி ஒன்றுக்கு, உடைந்துபோன 2ஏ ஒன்றின் எண்ணையும் ஆவணத்தையும் சூட்டும் வழக்கம் உண்டாயிற்று. 1965 ஆம் ஆண்டுக்குரியதாக ஆவணம் கூறும் ஊர்தியில் அளவு காட்டிகள் ஓட்டுநருக்கு நேரே இருந்தால், அதன் வரலாற்றை வினவாமல் பணம் தரக்கூடாது.

அடிச்சட்ட எண் இரண்டாம் சீரீஸ் முதல் வலப்புற முன் வில் தாங்கியில் பொறிக்கப்பட்டது. ஓட்டுநர் அறையிலுள்ள தகட்டிலும் அது காணப்படும். தகட்டை யாரும் கழற்றி மாற்றலாம் என்பதால் சட்டத்திலுள்ள எண்ணே நம்பத்தக்கது. கம்பித் தூரிகையால் துருவை நீக்கி அதைப் படித்து, பதிவு ஆவணத்துடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். எண் பொருந்தாத ஊர்தியைப் பின்னர் பதிவு செய்யவும் விற்கவும் ஏற்றுமதி செய்யவும் இயலாமற் போகலாம்; வாங்கியவர் குற்றமற்றவராயினும் இழப்பு அவருடையதே.

2018 மே 20 முதல் பிரித்தானியாவில் நாற்பது ஆண்டு கடந்த, பெரிதும் மாற்றப்படாத ஊர்திகளுக்கு ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. பழைய ஊர்தி வைத்திருப்போர் இதை வரவேற்றனர். வாங்குவோர் நோக்கில் இது ஓர் இழப்பாகும். முன்பு ஆண்டுதோறும் ஒரு சோதகர் அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். இப்போது விற்பவரைத் தவிர வேறு எவரும் பல்லாண்டாகப் பார்த்திராத ஊர்திகள் சந்தைக்கு வருகின்றன. விரும்பி அச்சோதனையை இப்போதும் செய்விக்கலாம். விற்பவர் அதற்கு மறுப்பாரேயானால் மறுப்பே விடையாகக் கொள்ளத்தக்கது. பழைய சோதனை முடிவுகளைப் பதிவெண் கொண்டு அரசின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

இந்தியாவில் 2021 ஜூலையில் ஐம்பது ஆண்டு கடந்த ஊர்திகளைப் பழம்பெரும் ஊர்திகளாகப் பதிவு செய்ய விதிகள் வகுக்கப்பட்டன. அவ்வாறு பதிவாக, அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் இருத்தலாகாது. அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்தவும் இயலாது.

எஞ்சின் மாற்றிய ஊர்திகள்

மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மாவட்டத்திலுள்ள மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவுக்குப் பல பத்தாண்டுகளாக முதலிரு சீரீஸ் லேண்ட் ரோவர்களே பயணிகளை ஏற்றிச் சென்றன. அவற்றுட் பலவற்றில் மகிந்திரா டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. மலேசியாவின் கேமரன் மலையில் காய்கறித் தோட்டக்காரர்கள் பயன்படுத்தும் பழைய லேண்ட் ரோவர்களும் இவ்வாறு மாற்றங்கள் பல கண்டவையே. தமிழ்த் தொழிலாளர் உழைப்பால் உருவான தேயிலைத் தோட்டங்களும் அங்கேயே உள்ளன.

சேகரிப்பாளர் சந்தையில் இத்தகைய ஊர்திக்கு மதிப்புக் குறைவு. மூல எஞ்சினுக்குப் பாகம் கிடைக்காத ஊரில் அதுவே ஓடக்கூடிய ஊர்தி. எஞ்சின் மாற்றம் பதிவு ஆவணத்தில் ஏற்றப்பட்டுள்ளதா, எஞ்சின் தாங்கிகள் சட்டத்தில் ஒழுங்காகப் பற்றவைக்கப்பட்டுள்ளனவா, கூடுதல் விசையைக் கியர் பெட்டியும் பின் அச்சுத் தண்டுகளும் தாங்குமா என்பவற்றை மட்டும் பார்க்க வேண்டும். பின் அச்சுத் தண்டு முறிவது மாற்றமில்லாத ஊர்திகளிலும் அறியப்பட்ட குறையாகும்.

பெட்ரோல் எஞ்சின் வைத்திருப்போர் எத்தனால் கலப்பையும் கவனிக்க வேண்டும். பிரித்தானியாவில் 2021 செப்டம்பர் முதல் 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே பொது வகையாயிற்று. இந்தியாவில் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியுள்ளது. பழைய ரப்பர்க் குழாய்களும் அடைப்பான்களும் எத்தனாலில் இளகி வெடிக்கும். வாங்கிய முதல் வாரத்திலேயே எரிபொருள் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுதல் நலம். செலவு சிறிது, தவறினால் எரிபொருள் சூடான எஞ்சின் மீது ஒழுகும்.