மூளை நாடிப் புடைப்பும் மலையக மருத்துவமும்: ஒரு வரலாற்று நோக்கு

மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகள் கிளை பிரியும் இடங்களிற் சுவர் நலிந்து புடைப்பதுண்டு. இதனை அனியூரிசம் என்பர். பெரும்பாலும் அறிகுறியின்றி உறையும் இப்புடைப்பு வெடிக்குங்கால், நொடிப்பொழுதில் உச்சமடையும் கடுந்தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம் என்பன தோன்றும். முதற் குருதிப்பெருக்கில் உயிர் தப்பியோருக்கும் அடுத்த சில நாள்களுள் அது மீண்டும் வெடிக்கும் ஆபத்து மிகுதி. ஆதலால் இந்நோயின் சிகிச்சை வரலாற்றைக் காலத்தோடு நிகழ்ந்த போராட்டம் எனலாம்.

உயிரோடிருப்பவரின் மூளை நாடிகளைக் கதிர்ப்படத்திற் காணும் வழியை 1927இல் லிஸ்பன் நகரில் ஏகஸ் மொனிஸ் கண்டார். 1931இல் எடின்பரோவில் நோர்மன் டொட், வெடித்த புடைப்பொன்றைத் தசைத்துண்டாற் சுற்றிக் காத்தார். 1937இல் பால்ற்றிமோரில் வோல்ற்றர் டண்டி புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கவ்வியிட்டு அடைத்தார். 1960களில் நுணுக்குக்காட்டி சத்திரசிகிச்சைக் கூடத்துட் புகுந்தது. 1990இல் கலிபோர்னியாவில் குக்லியெல்மி, மண்டையோட்டைத் திறவாது, நாடி வழியே நுண்குழாய் செலுத்திப் புடைப்பினுள் பிளாட்டினச் சுருளை நிரப்பினார். இருமுறைக்கும் ஏற்ற நோயாளரிடத்து, ஓராண்டின் பின் சுருள்முறையே கூடிய நலன் தந்ததென 2143 பேரை ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வு காட்டிற்று. எனினும் கவ்வி வேண்டப்படும் புடைப்புகள் இன்றும் உள.

இக்கலை நம் பகுதிக்கும் வந்தது. வேலூரில் 1949இல் யாக்கோபு சாண்டியும், கொழும்பில் 1956இல் ஷெல்ற்றன் கப்ராலும் நரம்பியற் சத்திரசிகிச்சைக்கு அடித்தளமிட்டனர்.

ஆயின் கொழும்புக்கு வந்த கலை வட்டவளையை எய்திற்றா என்பதே வினா. கொழும்பிலிருந்து பதுளை செல்லும் புகையிரதப் பாதை தேயிலையின் பொருட்டு இம்மலைகளைத் தலைநகரோடு முன்னரே இணைத்துவிட்டது. தோட்ட மருத்துவமோ 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தையும், 1916இல் தொடங்கிய கொழுக்கிப்புழு ஒழிப்பையும் தழுவி வளர்ந்தது. தொழிலாளரை வேலைக்கு மீட்பதே அதன் முதல் நோக்கமாயிருந்தது. மூளை நோய் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

2017இல் டிக்கோயாவிற் புதிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்த 1990 அம்புலன்ஸ் சேவையும் பின்னர் நாடெங்கும் விரிந்தது. ஆயினும் நாடிப் புடைப்பை அடைக்கும் சிகிச்சைக்கு வட்டவளையார் கண்டிக்கோ கொழும்புக்கோ செல்லவேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் திடீர்த் தலைவலியை வெயிலின் விளைவெனக் கருதி மாத்திரை கொடுத்து அனுப்பினால், அப்பயணம் தொடங்குவதேயில்லை.

எனவே தோட்ட மருந்தகத்தின் பணி சிறிதன்று. உயர் குருதியமுக்கமும் புகைத்தலும் இந்நோய்க்கு ஏதுக்கள். இரண்டையும் அங்கேயே கண்டு கட்டுப்படுத்தலாம். கொழுக்கிப்புழுவோடு போராடிய அதே மருந்தகம், குருதியமுக்கம் அளப்பதையும் இத்தலைவலியை இனங்காண்பதையும் தன் கடமையாகக் கொள்ளுதல் வேண்டும். டண்டியின் கவ்வியும் குக்லியெல்மியின் சுருளும் அதன் பின்னரே மலையகத்தாருக்குப் பயன்தரும்.