கழன்று ஓடும் கட்டி

“சித்தி, இங்க கட்டி மாதிரி ஒண்ணு இருக்கு. வலியே இல்ல. தொட்டா ஓடுது.”

பாகூரில் இருக்கும் என் அக்கா மகள் இதைச் சொன்னபோது அவளுக்கு 19 வயது. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டு 4 மாதம் ஆகியிருந்தது. அம்மாவிடம்கூட மூச்சுவிடவில்லை. அவள் வாயை அடைத்தது ‘கட்டி’ என்ற அந்தச் சொல்தான்.

கட்டி, ‘கட்டு’ என்ற வினையிலிருந்து வந்தது. இறுகியதெல்லாம் கட்டி: வெல்லக்கட்டி, மண்ணாங்கட்டி, கட்டித் தயிர். உடம்பில் வந்தால் வேனல் கட்டி. பழுத்து, உடைந்து, ஆறிவிடும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் கட்டிக்கொள்ளும். காலில் முள் குத்திப் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டும். பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் எந்த வீட்டுப் பாட்டியும் இவற்றைப் பிரித்துச் சொல்லிவிடுவாள். கல்யாணமாகாத பெண்ணின் மார்பில், பழுக்காமல் நோகாமல் உருளும் கட்டிக்கு மட்டும் வீட்டில் பெயர் இல்லை. அந்தக் காலி இடத்தில் ‘புற்று’ வந்து உட்கார்ந்துகொள்கிறது.

புற்று கறையான் எழுப்புவது. உள்ளுக்குள்ளே கிளை பிரிந்து பரவும், மண்ணோடு மண்ணாக ஒட்டி நிற்கும். கிரேக்கர்கள் அதே நோயை நண்டு என்றார்கள். கட்டியைச் சுற்றிப் புடைத்த ரத்த நாளங்கள் நண்டின் கால்களாகத் தெரிந்தன. லத்தீனில் நண்டுக்குப் பெயர் கான்சர்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும் சொல் தமிழிலேயே இருக்கிறது: கழலை. ‘கழல்’ என்றால் பிடி விட்டு நழுவுதல். வளையல் கழன்றது, வண்டியின் கடையாணி கழன்றது என்கிறோமே, அந்தக் கழல்தான். ‘தொட்டா ஓடுது’ என்று பெண் சொன்னதை இந்தப் பெயர் அப்படியே வைத்திருக்கிறது என்பது என் வாசிப்பு. இன்று ‘முன்கழுத்துக் கழலை’ என்ற பாடப்புத்தகத் தொடருக்கு வெளியே அதை அதிகம் கேட்க முடிவதில்லை. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

மருத்துவர்கள் சொல்லும் பெயர் ஃபைப்ரோஅடினோமா. லத்தீன் ‘ஃபிப்ரா’ நார், கிரேக்க ‘அடேன்’ சுரப்பி, ‘ஓமா’ கட்டி. 1823இல் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கிய பிரெஞ்சுக்காரர்களின் மொழியில் சுரப்பி முன்னால் வரும்: அதேனோஃபிப்ரோம். ஆங்கிலத்தில் இதற்கு ‘மார்புச் சுண்டெலி’ என்றொரு செல்லப்பெயரும் உண்டு, விரலுக்கு அகப்படாமல் ஓடுவதால். அவர்கள் எலியைக் கண்டார்கள், நம்மவர்கள் நழுவலைக் கண்டார்கள்.

‘நார்க்கட்டி’ என்று மொழிபெயர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கர்ப்பப்பையில் வரும் ஃபைப்ராய்டையும் அப்படித்தான் சொல்கிறோம். அத்தைக்கு அதனால் கர்ப்பப்பையையே எடுத்தார்கள் என்று கேட்டு வளர்ந்த பெண் என்ன நினைப்பாள்? மார்புக் கழலை என்றால் குழப்பமில்லை.

15 முதல் 35 வயதுக்குள் அதிகம் காணப்படும் கழலை இது. ஈஸ்ட்ரோஜன் சுரப்புக்கு ஏற்ப வளரும். கர்ப்பகாலத்தில் பெரிதாகலாம், மாதவிடாய் நின்றபின் சுருங்கும். பெரும்பாலும் 1 முதல் 3 செ.மீ.தான். வழவழப்பாக, ரப்பர் போல, ஒரு கழற்சிக்காயைத் தோலுக்கடியில் உருட்டுவதுபோல் இருக்கும். சாதாரணக் கழலை புற்றாக மாறுவது மிக அரிது. மஞ்சள் பத்து போட்டால் கரையாது. ஆனால், நழுவுகிறதே என்று வீட்டிலேயே கழலை என முடிவு கட்டவும் கூடாது; சில புற்றுகளும் தொடக்கத்தில் நகரும். மருத்துவர் கையால் பார்க்க வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுத்துச் சோதிக்க வேண்டும். இளம்பெண்களின் மார்புத் திசு அடர்த்தியானது. மேமோகிராமில் தெளிவு குறைவு. அதனால்தான் முதலில் அல்ட்ராசவுண்ட். வேகமாக வளர்ந்தாலோ பெரிதாக இருந்தாலோ எடுத்துவிடுவார்கள். மற்றபடி கண்காணித்தால் போதும்.

அவளுக்கு 2 செ.மீ. ஊசிப் பரிசோதனையிலும் ஃபைப்ரோஅடினோமா என்றே வந்தது. ஆங்கில அறிக்கையின் பின்பக்கம் நான் பென்சிலால் ‘கழலை’ என்று எழுதிக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“அப்ப இது தானா ஓடிடுமா சித்தி?”

“கொஞ்ச நாள் அங்கேயேதான் இருக்கும். ஆறு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்க்கணும்.”

காகிதத்தை மடித்துக்கொண்டு, அம்மாவிடம் காட்ட அடுப்பங்கரைக்குப் போனாள்.