பெட்டி பழசு, குரல் புதுசு

நாம் எழுதிவரும் இசைச் சரித்திரம் வாசித்தவர்களின் சரித்திரம். அந்த இசை கேட்டவன் காதுக்கு எதன் வழியாக வந்து சேர்ந்தது என்ற கேள்வி அதில் இடம்பெறுவதில்லை. தாமிரபரணிக் கரையில் இந்தக் கேள்வியைத் தவிர்ப்பது சிரமம். காருகுறிச்சி அருணாசலத்தின் (1921–1964) நாகசுரத்தைக் கோயில் பிராகாரத்தில் நேராகக் கேட்டவர்கள் இன்று மிகச் சிலரே. மற்றவர்கள் கேட்டது வேறு. 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு வந்த நாகசுரம், 1963இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி, இசைத்தட்டு, கொடைவிழாவில் பனைமர உயரத்தில் கட்டிய குழாய். எல்லாவற்றின் முடிவிலும் அதிர்ந்தது ஒரு காகிதக் கூம்போ ஒரு மெல்லிய சவ்வோதான். அது கிழியும், எரியும், மாற்றப்படும். மாற்றிய பிறகு நாம் கேட்பது யாருடைய குரல்?

கருவி எளியது. காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய ஒரு கூம்பு. 1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கைச் சேர்ந்த ரைஸும் கெல்லாகும் இதற்குக் கொடுத்த வடிவம் அடிப்படையில் இன்றுவரை மாறவில்லை. மாறியது அது செய்யப்படும் பொருள். கூம்பின் விளிம்பில் துணி இருந்த ஸ்பீக்கர்கள் இன்னும் பாடுகின்றன. எழுபதுகளில் பரவலாக வந்த நுரை விளிம்போ ஈரக்காற்றில் பத்திருபது வருஷத்தில் பொடிந்துவிடுகிறது. கூம்பு நன்றாயிருக்கும், காந்தம் நன்றாயிருக்கும், விளிம்பு மட்டும் விரலில் மாவாக ஒட்டிக்கொள்ளும். தூத்துக்குடிப் பக்கத்து வீடுகளில் இப்படிப்பட்ட பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தேக்குப் பெட்டி கல்யாணப் பரிசுபோலத் துடைத்து வைக்கப்பட்டிருக்கும். உள்ளே சத்தம் செத்திருக்கும்.

மாற்றுவது குற்றமல்ல. நாகசுரமே மாற்றிக்கொண்டு வாழும் வாத்தியந்தான். ஆச்சா மரத்து உடல் தலைமுறைகளைத் தாண்டும், சீவாளி தாண்டாது. வித்வான் பல சீவாளிகளை வாத்தியத்திலேயே தொங்கவிட்டுக்கொண்டு மேடையேறுகிறார். ஒன்று ஒத்துவராவிட்டால் அடுத்தது. அதனால் நாகசுரம் வேறாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. காரணம், மாற்றுகிறவரே வாசிக்கிறவர். நாணல் உடலோடு இசைகிறதா என்று அந்தக் கணத்திலேயே அவர் காது தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

மைக் செட்டின் குழாயும் ஓரளவு இப்படித்தான். எரிந்த யூனிட்டைத் திருகிக் கழற்றி வேறொன்றை மாட்டினால் கூட்டம் வித்தியாசத்தைக் கவனிக்காது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குழாய் எப்படியும் கைவிட்டுவிடும். தவிலின் வலந்தலை ஊர் எல்லைவரை போகும், தொப்பி பந்தலைத் தாண்டாது. அந்தக் குறையை ஊர் குறையாகவே எண்ணாமல் பழகிவிட்டது.

வீட்டுப் பெட்டி அப்படியல்ல. கடையில் ‘எட்டங்குலம் போச்சு, எட்டங்குலம் போடு’ என்கிறார்கள். அளவு துளைக்குப் பொருந்தும்; பெட்டிக்குப் பொருந்துமா? கூம்பின் இயல்பான அதிர்வெண், அதன் விறைப்புக்குச் சமமான காற்றின் கொள்ளளவு, அதிர்வு அடங்கும் வேகம் ஆகிய மூன்றும் பெட்டியின் உள்ளளவோடு ஒத்துப்போக வேண்டும். இதைக் கணக்காக்கித் தந்தவர் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல், 1961இல். ரிச்சர்ட் ஸ்மால் 1972–73இல் அதை விரித்தார். அதற்கு முந்தைய பெட்டிகள் பெரும்பாலும் காதாலும் அனுபவத்தாலும் அமைந்தவை. எழுதப்படாத அந்தக் கணக்கின் ஒரே சாட்சி, கழற்றி எறியப்படும் பழைய ஸ்பீக்கர்தான். பொருந்தாத புதியதை மாட்டினால் தவில் வீங்கிக் குமுறும், அல்லது மெலிந்து ஒதுங்கும். கேட்பவன் அதை அருணாசலத்தின் பக்கவாத்தியக்காரர் மேல் ஏற்றிச் சொல்வான்.

புதியதன் உள்ளே உலகச் சரித்திரமும் இருக்கிறது. 1978இல் ஜைர் நாட்டின் ஷாபா மாகாணத்தில் நடந்த சண்டையால் கோபால்ட் விலை எகிறியது. கோபால்ட் கலந்த அல்னிகோ காந்தத்தை விட்டுப் பல கம்பெனிகள் ஃபெரைட்டுக்கு மாறின. ஆப்பிரிக்கச் சுரங்கத்தின் துப்பாக்கிச் சத்தம் பாளையங்கோட்டை வீட்டுக் கூடத்துத் தோடியில் ஒரு பங்கு வகிக்கிறது என்றால் அது வெறும் அலங்காரப் பேச்சு அல்ல.

இந்த நதிக்கரைக்கு இன்னொரு மாற்றுக்கலையின் ஞாபகமும் உண்டு. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டுச் சுவடி தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தார். ஏடு சிதைந்து அடி கிடைக்காத இடங்களைப் புறநானூற்றுப் பதிப்பில் (1894) அவர் தம் கவித்திறனால் நிரப்பவில்லை, புள்ளியிட்டு விட்டார். இல்லாததை இல்லை என்று காட்டும் அந்த நாணயந்தான் நவீனப் பதிப்பின் தொடக்கம். நல்ல ஸ்பீக்கரை மாட்டிவிட்டு ‘பழைய சத்தம் அப்படியே திரும்பிவிட்டது’ என்பது, விட்டுப்போன அடியைத் தானே எழுதிச் சங்கப் புலவன் தலையில் கட்டுவதற்குச் சமம்.

ஸ்பீக்கர் புள்ளியிட்டுப் பாட முடியாது. ஏதாவது ஒன்றை மாட்டித்தான் ஆக வேண்டும். அப்போது செய்யக்கூடியது சொற்பம். விளிம்பு மட்டும் போயிருந்தால் விளிம்பை மட்டும் மாற்றலாம். முழுவதும் மாற்ற நேர்ந்தால் எடுத்ததன் பெயர், ஓம் அளவு, காந்த வகை, மாட்டியது எது, எந்த வருஷம் என்பவற்றை ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டலாம். எரிந்த கூம்பைப் பழைய இரும்புக்காரனிடம் போடாமல் வைத்திருக்கலாம். இசைத்தட்டைச் சேர்த்துவைக்க ஆட்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்ட விதத்தைச் சேர்த்துவைத்தவர் யாரையும் நான் இந்தப் பக்கத்தில் பார்த்ததில்லை. அந்தக் காகிதம் ஒட்டிய பெட்டி பத்து வீட்டில் இருந்தால், காருகுறிச்சியை இந்த ஊர் எப்படிக் கேட்டது என்று எழுத நினைப்பவனுக்கு முதல் ஏடு கிடைத்துவிடும்.