முட்டை இல்லாத கேக்கும் பழைய சாக்ஸ் பொம்மையும்

பிறந்தநாளுக்குக் கையால் செய்த ஒரு பொம்மை, வீட்டிலேயே செய்த ஒரு கேக்... இன்று கேட்பதற்கு அழகாக இருக்கிறது. கடையில் வாங்கியதைவிட இதில்தான் அன்பு அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கடையில் பொம்மையே இல்லை, கேக் செய்ய முட்டையே இல்லை, ஒரு நாடு முழுவதும் வருடக்கணக்கில் இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்றால்?

பிரிட்டனில் 1940 முதல் 1954 வரை ஏறக்குறைய அதுதான் நடந்தது. உலகையே ஆண்ட நாடு என்று நாம் படித்த அதே பிரிட்டன்தான். அங்கே மக்கள் பதினான்கு வருடம் ரேஷன் புத்தகத்தோடு கடை வாசலில் நின்றார்கள் என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கலாம்.

ஏன் ரேஷன்?

பிரிட்டன் ஒரு தீவு. போருக்கு முன்பு ஒவ்வொரு வருடமும் சுமார் 2 கோடி டன் உணவுப் பொருட்கள் கப்பலில்தான் வந்து இறங்கின. சர்க்கரை, பாலாடைக்கட்டி, பழம், கோதுமை எல்லாவற்றிலும் பெரும் பகுதி வெளிநாட்டுச் சரக்கு. 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் இந்தக் கப்பல்களைக் குறிவைத்தன. வருகிற கப்பல்களிலும் ஆயுதத்துக்கு இடம் வேண்டும்.

1940 ஜனவரி 8 அன்று பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை மூன்றுக்கும் ரேஷன் வந்தது. பிறகு இறைச்சி, தேயிலை, ஜாம், பாலாடைக்கட்டி என்று பட்டியல் நீண்டது. அளவு அவ்வப்போது மாறும். பெரும்பாலான காலம் ஒரு ஆளுக்கு ஒரு வாரத்துக்குக் கிடைத்தது தோராயமாக இவ்வளவுதான்:

- தேயிலை 57 கிராம்
- வெண்ணெய் 57 கிராம்
- சர்க்கரை 227 கிராம்
- முட்டை ஒன்று (அதுவும் கிடைத்தால்!)

1942 ஜூலையில் மிட்டாய்க்கும் ரேஷன் வந்துவிட்டது. வாழைப்பழம் 1940 கடைசியில் இறக்குமதி நின்று காணாமலே போனது. போர் முடிந்து மறுபடி வந்தபோது அதை எப்படி உரிப்பது என்று தெரியாத குழந்தைகள் இருந்தார்கள்.

அடுப்படியில் அரசாங்கம்

1940 ஏப்ரலில் உணவு அமைச்சரான உல்ட்டன் பிரபு, ஒரு பெரிய பல்பொருள் அங்காடி நிறுவனத்தை நடத்திய வியாபாரி. ஒன்றை இல்லை என்று சொல்வதோடு நின்றால் மக்கள் கோபப்படுவார்கள், இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அதனால் அரசாங்கமே சமையல் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தது. 1940 ஜூனிலிருந்து பிபிசி வானொலியில் காலை 8.15 மணிக்கு ஐந்து நிமிட சமையல் நிகழ்ச்சி வந்தது. சந்தை, தொழிற்சாலை உணவகம், மருத்துவமனை என்று கூட்டம் கூடும் இடங்களில் செய்முறை விளக்கம் நடத்தினார்கள். அப்படி வேலை பார்த்தவர்களில் ஒருவரான மார்கரீட் பாட்டன் பின்னாளில் பிரிட்டனின் புகழ்பெற்ற சமையல் எழுத்தாளர் ஆனார். 2015-ல் 99 வயதில் காலமானார்.

அந்தக் காலத்தின் பிரபலமான பதார்த்தம் 'உல்ட்டன் பை'. லண்டன் சவாய் ஹோட்டலின் தலைமைச் சமையற்காரர் உருவாக்கியது, ஆனால் அமைச்சர் பெயர் ஒட்டிக்கொண்டது. செய்முறை மிக எளிது. உருளைக்கிழங்கு, காலிஃப்ளவர், கேரட், டர்னிப் போன்ற ஒரு கிழங்கு, கொஞ்சம் வெங்காயத்தாள் எல்லாவற்றையும் நறுக்கி, ஒரு ஸ்பூன் ஓட்ஸ் போட்டு வேகவைக்க வேண்டும். தட்டில் கொட்டி, மேலே மசித்த உருளைக்கிழங்கையோ கோதுமை மாவுத் தகட்டையோ மூடி, அடுப்பில் வைத்துச் சிவக்க எடுக்க வேண்டும். இறைச்சி கிடையாது. நமக்கு இது சாதாரண காய்கறிக் கூட்டு மாதிரி தோன்றும். இறைச்சி இல்லாமல் சாப்பாடே இல்லை என்று இருந்தவர்களுக்கு அது தண்டனை!

பஞ்சமில்லாமல் கிடைத்தது உருளைக்கிழங்கும் கேரட்டும். கேரட்டில் ஜாம் செய்தார்கள், சர்க்கரைக்குப் பதில் கேக்கில் துருவிப் போட்டார்கள். விளக்கணைத்த தெருக்களில் கண் நன்றாகத் தெரிய கேரட் சாப்பிடுங்கள் என்று விளம்பரமும் வந்தது. வீட்டுப் பின்புறத்திலும் பூங்காக்களிலும் காய்கறி போடச் சொன்னார்கள். நகரங்களில் வாடகைக்கு எடுத்துப் பயிரிடும் சிறு தோட்டங்கள் சுமார் 8 லட்சத்திலிருந்து 14 லட்சமாகப் பெருகின.

விசேஷம் வந்தால்?

தினசரிச் சாப்பாட்டைச் சமாளிக்கலாம். பிறந்தநாள், கல்யாணம், கிறிஸ்துமஸ் வந்தால்தான் சிரமம்.

முட்டை இல்லாத கேக்குக்கு ஒரு வழி கண்டார்கள். சமையல் சோடாவோடு வினிகர் சேர்த்தால் நுரைத்துக்கொண்டு மாவை உப்ப வைக்கும். 1942-லிருந்து அமெரிக்க முட்டைப் பொடியும் டப்பாவில் கிடைத்தது. ஒரு டப்பா பன்னிரண்டு முட்டைக்குச் சமம். பாதாமுக்குப் பதில் சோயா மாவும் பாதாம் எசென்சும். வாழைப்பழத்துக்கு ஆசைப்பட்டால், முள்ளங்கி போல வெளுப்பாக இருக்கும் ஒரு கிழங்கை வேகவைத்து மசித்து வாழைப்பழ எசென்ஸ் ஊற்றிக் கொடுத்தார்கள்.

கேக்கின் மேல் சர்க்கரை ஐசிங் போட்டு விற்பதை 1940-ல் அரசாங்கம் தடை செய்தது. அதனால் கல்யாண வீடுகளில் அட்டையிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிசிலோ செய்த அடுக்கு கேக் மூடியை வாடகைக்கு எடுத்தார்கள். போட்டோ எடுத்த பிறகு மூடியைத் தூக்கினால் உள்ளே சின்னதாக ஒரு கேக் இருக்கும். அதற்கும் உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் தங்கள் பங்கு சர்க்கரையையும் வெண்ணெயையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். உண்மையான கல்யாணப் பரிசு அந்த ஒரு கைப்பிடிச் சர்க்கரைதான்.

பரிசுப் பொருட்கள்

1941 ஜூன் 1 அன்று துணிக்கும் ரேஷன் வந்தது. முதல் வருடம் ஆளுக்கு 66 கூப்பன். ஒரு கம்பளி கவுனுக்கே 11 கூப்பன் போய்விடும். பின்னல் நூல் வாங்கவும் கூப்பன் வேண்டும். பொம்மைத் தொழிற்சாலைகள் போர்ச் சாமான் செய்யப் போய்விட்டன. காகிதமும் தட்டுப்பாடு.

அதனால் கிறிஸ்துமஸ் பரிசு வீட்டிலேயே பிறந்தது. அப்பாவின் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலைக் கழுவிச் சுருக்கம் எடுத்து, குழந்தைக்குக் கையுறையும் தொப்பியும் பின்னினார்கள். கிழிந்த சாக்சுக்குள் துணித் துண்டுகளை அடைத்து, பட்டனைக் கண்ணாகத் தைத்தால் ஒரு பொம்மை. பழைய ஃபெல்ட் தொப்பியை வெட்டி வீட்டுச் செருப்பு. பெட்டிப் பலகையில் ரயில் வண்டி.

1943-ல் வர்த்தகத் துறை இதற்கென்றே 'மேக் டூ அண்ட் மெண்ட்' என்ற கையேட்டை வெளியிட்டது. 'இருப்பதை ஒட்டுப்போட்டுச் சமாளி' என்று அதற்குப் பொருள் சொல்லலாம். ஊர் ஊராகத் தையல் வகுப்புகளும் நடந்தன.

எப்படித் தாங்கினார்கள்?

திறமை மட்டும் காரணம் இல்லை. பங்கீடு ஓரளவு நியாயமாக இருந்தது என்பதுதான் முக்கியக் காரணம். பணக்காரர் வீட்டுக்கும் தொழிலாளி வீட்டுக்கும் ஒரே அளவு சர்க்கரை, கட்டுப்படுத்தப்பட்ட விலையில். கர்ப்பிணிகளுக்குப் பச்சை நிற ரேஷன் புத்தகம். கூடுதல் பால், கூடுதல் முட்டை அதில் உண்டு. குழந்தைகளுக்கு ஆரஞ்சுச் சாறும் மீன் எண்ணெயும். இறைச்சி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த சைவர்களுக்கு அதற்குப் பதில் பாலாடைக்கட்டி கூடுதலாகத் தந்தார்கள். குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்டில், போர் முடியும்போது குழந்தை இறப்பு விகிதம் தொடக்கத்தைவிடக் குறைந்திருந்தது. ஏழை வீட்டுக் குழந்தைகளில் பலர் முன்பைவிட நல்ல சாப்பாடு சாப்பிட்டார்கள்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்றும் சொல்ல முடியாது. கள்ளச்சந்தை இருந்தது. ஹோட்டல் சாப்பாட்டுக்குக் கூப்பன் தேவையில்லாததால் பணம் உள்ளவர்கள் அங்கே போய்ச் சாப்பிட்டார்கள். 1942-ல்தான் ஒரு சாப்பாட்டுக்கு 5 ஷில்லிங் என்ற உச்சவரம்பு வந்தது. மிகப் பெரிய பாரம் பெண்கள் தலையில் விழுந்தது. பகலில் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை, திரும்பும் வழியில் கடை வரிசை, இரவில் ஸ்வெட்டர் பிரிப்பது. இன்று அந்தச் சாக்ஸ் பொம்மையைப் பார்த்து ரசிக்கும்போது, அதைத் தைத்தவள் எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

அதே 1943, வங்காளத்தில்

இந்த வரலாற்றின் மறுபக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது.

அதே கையேடு வெளியான 1943-ல், அதே அரசு ஆண்ட வங்காளத்தில் பஞ்சம். 1942-ல் பர்மா ஜப்பானிடம் விழுந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எதிரி கையில் சிக்கக்கூடாது என்று கடலோர மாவட்டங்களில் படகுகளையும் நெல்லையும் அரசே அகற்றியது. அக்டோபரில் புயல் வேறு. போர்ச் செலவால் அரிசி விலை எங்கேயோ போனது. கல்கத்தாவின் போர்த் தொழில்களுக்கு முக்கியமான ஊழியர்களுக்குச் சலுகை விலையில் தானியம் கிடைத்தது. கிராமத்துக் கூலிக்காரனுக்கும் மீனவனுக்கும் எதுவும் இல்லை. தானியம் ஏற்றக் கப்பல் கேட்டு டில்லியிலிருந்து போன கோரிக்கைகளை லண்டன் போர் அமைச்சரவை பலமுறை மறுத்தது அல்லது வெட்டிக் குறைத்தது. கல்கத்தாவில் முழு ரேஷன் வந்தது 1944 ஜனவரி கடைசியில்தான். இறந்தவர்கள் 30 லட்சம் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

காய்கறி வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், சூப் வையுங்கள் என்று பிரிட்டன் இல்லத்தரசிகளுக்கு அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. கல்கத்தாத் தெருக்களில் மக்கள் வீட்டு வாசலில் நின்று சோறு கேட்கவில்லை, வடித்த கஞ்சித் தண்ணீரைக் கேட்டார்கள்.

வங்காளத்துப் பெண்களுக்குச் சிக்கனம் தெரியாதா? பழைய புடவைகளை அடுக்கித் தைத்து 'காந்தா' போர்வை செய்தவர்கள் அவர்கள். ஒட்டுப்போடுவதற்கு அவர்களுக்குக் கையேடு தேவையில்லை. அவர்களுக்கு இல்லாதது பங்கு. பங்கு இல்லாத இடத்தில் எந்தக் கைத்திறனும் அடுப்பை எரிய வைக்காது.

கையால் நூற்ற ஒரு பரிசு

போர் 1945-ல் முடிந்தது, தட்டுப்பாடு முடியவில்லை. போர்க்காலத்தில்கூட ரேஷன் இல்லாத ரொட்டிக்கு 1946-ல் ரேஷன் வந்தது!

1947 நவம்பர் 20 அன்று இளவரசி எலிசபெத்தின் திருமணம். அரச குடும்பமும் துணிக் கூப்பனுக்கு உட்பட்டதுதான். அரசு அவருக்குக் கூடுதல் கூப்பன் கொடுத்தது. பல பெண்கள் தங்கள் கூப்பன்களை அவருக்கு அனுப்பிவைத்தார்கள். அடுத்தவர் கூப்பனைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம் என்பதால் அவை திருப்பி அனுப்பப்பட்டன. கேக் செய்யப் பொருட்கள் ஆஸ்திரேலியாவின் சாரணச் சிறுமிகளிடமிருந்து வந்தன.

உலகம் முழுவதிலிருந்தும் குவிந்த 2,500-க்கும் மேற்பட்ட பரிசுகளில் ஒன்று இந்தியாவிலிருந்து போனது. மவுண்ட்பேட்டனின் யோசனைப்படி, காந்தி தான் ராட்டையில் நூற்ற நூலில் பின்னிய ஒரு பருத்தித் துணியை அனுப்பினார். நடுவில் 'ஜெய் ஹிந்த்' என்ற எழுத்துகள். மணமகளின் பாட்டி ராணி மேரி அதைக் காந்தியின் இடுப்புத் துணி என்று நினைத்து முகம் சுளித்தாராம்! விடுதலை பெற்று மூன்று மாதமே ஆன நாட்டிலிருந்து, தன் கையால் நூற்றது ஒன்றைத் தவிர கொடுக்க வேறு சொத்து இல்லாதவர் கொடுத்த பரிசு அது.

முடிவு

1949-ல் துணி ரேஷன் போனது. 1953 பிப்ரவரியில் மிட்டாய் விடுதலையானது. 1954 ஜூலையில் இறைச்சியோடு எல்லா உணவு ரேஷனும் முடிந்தது. உல்ட்டன் பையை அதன்பிறகு ஆசையாகச் செய்து சாப்பிட்டவர்கள் குறைவு. மக்கள் கடைகளுக்குத்தான் ஓடினார்கள். அதில் தப்பும் இல்லை.

கையால் செய்த பரிசும் வீட்டுச் சாப்பாடும் இன்று நமக்கு ஆசைப்பட்டால் செய்கிற விஷயம். ஒரு தலைமுறைக்கு அது வேறு வழியில்லாமல் செய்த வேலை. அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள சோடாவும் வினிகரும் சேர்ந்தால் கேக் உப்பும் என்பது மட்டும் இல்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குத் தன் பங்குச் சர்க்கரையில் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தார்களே, அதற்கு முதலில் அவர்களிடம் ஒரு பங்கு இருந்தது. அந்தப் பங்கு ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதுதான் ஒரு அரசாங்கத்தின் முதல் சமையல்.